திரிபுரத்துப் பெண்கள்

அச்சமூட்டும் ஓவியத்தைக் கோரைப்பல்லையும் குருதியையும் வைத்து அளப்பது பொதுவான வழக்கம். அந்த அளவுகோல் தவறு. அச்சத்தை யார் முகத்தில் ஓவியன் எழுதினான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் பக்தர்கள் குண்டம் இறங்கித் தீமிதிப்பதைப் பார்த்துப் பழகிய கொங்கு மண்ணுக்கு உக்கிரம் புதிதல்ல; அஞ்சிக்கொண்டே கும்பிடுவது இங்கே ஊறிப்போன பக்தி. ஆனால் ஓவியத்துக்குத் தீயின் வெக்கை கிடையாது, பறையின் முழக்கம் கிடையாது. கோட்டாலும் வண்ணத்தாலும் மட்டுமே அது நம்மை நடுங்க வைத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அதைச் சாதித்த ஓவியங்களில் தலையாயது தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் திரிபுராந்தகர், அதாவது அசுரரின் முப்புரங்களை அழிக்கும் சிவன். ராஜராஜன் காலத்துச் சுண்ணச் சுவரில் தீட்டப்பட்ட இந்தச் சோழர் ஓவியங்கள் பிற்காலத்தில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் மறைந்துபோயின. ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த பிறகே அவை வெளியுலகுக்குத் தெரிய வந்தன.

பிரம்மன் ஓட்டும் தேரில், எட்டுக் கைகளோடு போருக்கு எழுந்து நிற்கிறார் சிவன். அகன்ற விழிகள், நாண்போல் விறைத்த உடல். மயில்மேல் முருகன், மூஞ்சூறுமேல் பிள்ளையார், சிங்கத்தின்மேல் காளி என்று குடும்பமே களத்தில் நிற்கிறது. எதிரே அசுரர் பெருங்கூட்டம் பின்வாங்காமல் முட்டி நிற்கிறது. இவ்வளவோடு நின்றிருந்தால் இது நல்லதொரு போர்க்காட்சி, அவ்வளவே. அந்த அசுரர்களைப் பற்றிக்கொண்டு கலங்கும் அவர்களுடைய பெண்களையும் ஓவியன் வரைந்துவிட்டான். அம்பு எய்பவருக்கு அச்சமில்லை, ஏற்கப்போகிறவனும் வீறாப்போடு நிற்கிறான். வரப்போவதை முழுதாக உணர்ந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். பார்ப்பவர் மனத்தில் நடுக்கம் நுழையும் வாசல் அதுவே.

போர் வென்ற மன்னன் தன் பெருமையைச் சிவன்மேல் ஏற்றிக் காட்டிய படம் இது, இதில் இரக்கத்தைத் தேடலாமா என்று கேட்கலாம். பெரிய கோயில் விமானத்தில் திரிபுராந்தகர் சிற்பங்கள் வரிசையாக இருப்பது அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும். மன்னனின் நோக்கம் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் வெற்றியைச் சொல்ல எதிரி வீட்டுப் பெண்களின் கலக்கம் தேவையில்லை. தேவைக்கு மேல் ஓவியன் எழுதியதில்தான் அவன் கலை தெரிகிறது. ஸ்பெயின் ஓவியர் கோயா 1820-23 வாக்கில் தன் வீட்டுச் சுவரில் தீட்டி, இன்று மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் சாட்டர்ன் ஓவியமும் நடுக்கம் முகத்திலிருந்தே பிறக்கிறது என்பதை உறுதி செய்கிறது. பெற்ற பிள்ளையைத் தின்பவனின் பிதுங்கிய கண்களிலேயே அங்கே பீதி குடியிருக்கிறது. குருதியைக் கண்டு வரும் அருவருப்பு சீக்கிரம் வடிந்துவிடும். அந்தக் கண்கள் விடுவதில்லை.

வழிபாட்டுத் தலத்தில் மனம் அமைதி பெற வேண்டாமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அழிவை அழகாக மட்டும் காட்டும் படம் கல்நெஞ்சைத்தான் வளர்க்கும். அழிபவர் பக்கத்து வலியையும் சேர்த்துக் காட்டும் படம் பக்தியைப் பொறுப்புள்ளதாக ஆக்குகிறது. உள்சுற்றுக்குள் எல்லோரும் நுழைய முடிவதில்லை. பெரும்பாலோருக்குக் கிடைப்பது நிழற்படம்தான். அதில் பார்த்தாலும், சிவனின் தேரோடு நின்றுவிடாமல் அசுரர் பக்கம் முழுவதையும் பார்த்து முடிப்பதே இந்த ஓவியனுக்குச் செய்யும் மரியாதை.