55 நாள் என்பது யாருடைய நாள்?

விதை கேட்டலாக்கை ஒரு தொழில்நுட்ப ஆவணமாக நினைத்துப் படித்ததுதான் நான் செய்த முதல் தப்பு. எண் போட்டிருந்தார்கள், நம்பினேன். படிச்சது பி.இ., வேலை சாஃப்ட்வேர். ஓர் எண் இருந்தால் அதை எங்கே, எப்படி அளந்தார்கள் என்று யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் ஒட்டிக்கொள்வது. தக்காளி விதை பாக்கெட்டின் மேல் "பழுக்க 55 நாள்" என்று இருந்தது. அந்த 55ஐ எடுத்துக்கொண்டு நான் ஒரு கோடை முழுக்கத் திட்டம் போட்டேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், கால்கரியில். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. மே மூன்றாம் வாரம் வரைக்கும் உறைபனி விழும். செப்டம்பர் நடுவில் திரும்ப வந்துவிடும். இடையில் கிடைப்பது சுமார் 115 நாள். அதிலும் ஜூலையில் ஆலங்கட்டி மழை ஒன்று வந்து எல்லாவற்றையும் கிழித்துப் போட வாய்ப்புண்டு. அந்த வருஷம் அம்மா மே மாதம் வந்திருந்தார், செப்டம்பர் 4 திரும்பும் டிக்கெட். என் திட்டம் எளிமையானது: ஜூன் 1 நாற்று நட்டால் ஜூலை 26 முதல் பழம், ஆகஸ்ட் முழுக்க வீட்டுத் தக்காளியில் ரசம். (அதற்கும் முன்னால், விதை போட்ட நாளிலிருந்து 55 எண்ணி ஜூன் நடுவிலேயே பழம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துத் திருத்தினார்.)

அம்மா தினமும் தண்ணீர் ஊற்றினார். ஜூலை 26 அன்று செடியில் இருந்தது பூ. ஆகஸ்ட் முழுக்கக் கல்லு மாதிரிப் பச்சைக் காய். "இது பழுக்கிற ஜாதிதானாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பச்சைக் காயிலேயே துவையல் அரைத்து, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு விமானம் ஏறினார். முதல் பழம் சிவந்தது செப்டம்பர் 8. நட்டதிலிருந்து 99வது நாள்.

நான் சரியாக வளர்க்கவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றிய விளக்கம். புதுசாகத் தோட்டம் போடுகிற எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. இங்கே வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் முயன்று பார்க்க முடியும். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓடுகிற ஒரு டெஸ்ட் ஃபெயிலானால், அடுத்த வருஷம் பலர் அந்த இடத்தில் புல் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த எண்ணைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதல் சிக்கல், 55 எங்கிருந்து தொடங்குகிறது என்பது. தக்காளியில் வழக்கமாக இது நாற்றை நிலத்தில் நட்ட நாளிலிருந்து எண்ணுவது. அந்த நாற்றுக்கு ஏற்கெனவே ஆறேழு வாரம் வயசாகியிருக்கும். ஆக "55 நாள் தக்காளி" என்பது விதையிலிருந்து நூறு நாள் தக்காளி. பீன்ஸ், கீரை மாதிரி நேரடியாக விதைக்கிற பயிர்களுக்கு அதே கேட்டலாக்கில் அதே எண் விதைத்த நாளிலிருந்து எண்ணப்படும். ஒரே பெயரில் இரண்டு அளவு. என் குழுவில் ஒருத்தர் இப்படி ஒரு வேரியபிளை எழுதிக் கொண்டுவந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புவேன். சிலர் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆல்பியனில் சோதனைப் பண்ணை வைத்திருக்கும் ஜானிஸ் நிறுவனம், தக்காளிக்கு நட்ட நாளிலிருந்துதான் கணக்கு என்று சொல்லிவிடுகிறது. குளிர்ப் பிரதேசத்தில் சோதித்தது என்பதும் அதனால் நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது சிக்கல் பெரியது: நாள் என்பது என்ன? செடி காலண்டர் பார்ப்பதில்லை, சூட்டைத்தான் கூட்டி வைக்கிறது. விவசாய விஞ்ஞானிகள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளின் சராசரியில் 10 டிகிரியைக் கழித்தால் வருவது அன்றைக்குத் தக்காளிக்குக் கிடைத்த வளர்ச்சிச் சூடு. கால்கரி ஜூலையில் பகல் சுமார் 23, இரவு சுமார் 10. சராசரி 16.5, கழித்தால் 6.5. கலிஃபோர்னியாவில், பதப்படுத்தும் தக்காளி ஏக்கர் ஏக்கராக விளைகிற மத்தியப் பள்ளத்தாக்கில், சாக்ரமெண்டோவை எடுத்துக்கொண்டால் ஜூலைப் பகல் 33க்கு மேல், இரவு 15. முப்பதுக்கு மேலான சூட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் அங்கே ஒரு நாளைக்கு 12.5 வரும். அவர்களுடைய ஒரு நாள் நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு நாள். அங்கே 55 நாளில் சேர்கிற சூடு சுமார் 690. இங்கே அதைச் சேர்க்க 106 நாள் வேண்டும். எனக்கு ஆனது 99.

கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். ரொம்ப நாள் துள்ள முடியவில்லை. அந்த 55ஐ சாக்ரமெண்டோவில் அளந்தார்கள் என்பது நானாக வைத்துக்கொண்ட ஊகம். பாக்கெட்டில் இடமே போடவில்லை. என் புகாரே அதுதான், அதை நானே ஊகத்தால் நிரப்பிவிட்டு விடை சரியாக வருகிறது என்று சொல்வது ஆராய்ச்சியில்லை. அதனால் அடுத்த வருஷம் அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையையே போட்டேன். ஜூன் 1 அன்றே நட்டேன். ஆனால் கொல்லையின் நடுவில் நடாமல், தெற்கு பார்த்த சுவரை ஒட்டி, மண்ணுக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முதல் மூன்று வாரம் சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்க் கூண்டு வைத்து. (இந்தக் கூண்டு இங்கே கடைகளில் கிடைக்கும். பகலில் தண்ணீர் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி விடும். தண்ணீர் உறையும்போதுகூடச் சூட்டை வெளியேற்றும் என்பதுதான் இதன் அழகு.) முதல் பழம் ஆகஸ்ட் 14. 74 நாள்.

அதே ரகம், அதே ஊர், அதே தேதி, 25 நாள் வித்தியாசம். சுவரோரம் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் ராத்திரியில் கொல்லை நடுவைவிட மூன்று நாலு டிகிரி கூடுதலாகக் காட்டியது. நான் கணக்குக்கு எடுத்திருந்ததோ விமான நிலையத்தில் அளந்த வெப்பநிலை. ராத்திரி வெப்பநிலையில் அந்த மூன்று டிகிரியைச் சேர்த்துப் போட்டால் கணக்கு 86 நாள் பக்கம் வந்து நிற்கிறது. ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி மாறுகிற எண்ணை ரகத்தின் குணம் மாதிரி பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். 'எர்லி கேர்ள்' என்ற புகழ்பெற்ற ரகம் 1975லிருந்து சந்தையில் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு கேட்டலாக்கில் அதற்கு 50 என்றும் இன்னொன்றில் அறுபதுக்குப் பக்கத்திலும் பார்க்கலாம். இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இடத்தைச் சொல்லாததால் இரண்டும் பயனில்லாமல் போகின்றன. நான் இப்போது அந்த எண்ணை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயன்படுத்துகிறேன்: ஒரே கேட்டலாக்குக்குள் எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்த.

எண் போகட்டும், பெயர்கள் இருக்கின்றனவே! கிளேசியர், போலார், சப்-ஆர்க்டிக், சைபீரியா. படிக்கும்போதே குளிரும். 'சைபீரியா' என்ற ரகம் 38 ஃபாரன்ஹீட்டில், அதாவது மூன்று டிகிரி செல்சியஸ் சொச்சத்தில், காய் பிடிக்கும் என்று ஒரு வாக்கியம் கேட்டலாக் விட்டுக் கேட்டலாக் தாவுகிறது. அந்தக் குளிரில் செடி சாகாமல் நிற்கலாம். காய் பிடிப்பது வேறு விஷயம். ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே போனாலே தக்காளியின் மகரந்தம் தடுமாற ஆரம்பிக்கும், பூ உதிரும். 'சப்-ஆர்க்டிக்' ரகத்துக்கு, கிரீன்லாந்தில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1940களில் உருவாக்கியது என்றொரு கதை ஓடுகிறது. சப்-ஆர்க்டிக் வரிசை எங்கள் ஆல்பர்ட்டாவின் வடமேற்கில், பீவர்லாட்ஜ் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது என்பது அவ்வளவு கிளுகிளுப்பாக இல்லை போலும்.

எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருவது ஏனென்றால், சொல்லத் தகுந்த நிஜமான கதை இருக்கிறது. குட்டைச் செடியாக நின்று, சீக்கிரம் பூத்து, மொத்தமாகப் பழுக்கிற குணத்தைத் தருவது ஒரே ஒரு மரபணு மாற்றம். அது எப்படி வழிவழியாக வருகிறது என்று 1927ல் எழுதியவர் ஏ. எஃப். யேகர். இருந்த இடம் நார்த் டகோட்டாவின் ஃபார்கோ. குளிரில் எங்களுக்குச் சளைத்த ஊர் இல்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகெட் இன்னொரு வழி பிடித்தார். மகரந்தம் குளிரில் வேலை செய்யவில்லையா, மகரந்தமே வேண்டாம். 'செவெரியானின்' என்ற ரஷ்ய ரகத்தில் இருந்த, விதையில்லாமலே காய் பிடிக்கும் குணத்தை எடுத்து 'ஓரிகன் ஸ்பிரிங்', 'லெஜண்ட்' மாதிரி ரகங்களைக் கொண்டுவந்தார். 2017ல் ஸக்கரி லிப்மன் குழு இன்னொன்றைக் காட்டியது. தக்காளியின் காட்டுச் சொந்தங்கள் பூமத்திய ரேகைப் பக்கத்துச் செடிகள். பகல் நீண்டால் அவை பூப்பதைத் தள்ளிப்போடும். அதைச் செய்கிற மரபணு நாட்டுத் தக்காளியில் ஏற்கெனவே மங்கியிருக்கிறது. மீதியையும் கிரிஸ்பர் வைத்து அணைத்தால் இன்னும் சீக்கிரம் பூக்கிறது. ஜூனில் பதினாறரை மணி நேரம் பகல் இருக்கிற எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி என்ன இருக்கு? ஆனால் கேட்டலாக்கில் இருப்பது பனிமலைப் படம்.

விதை கம்பெனிக்கு உங்கள் கொல்லைச் சுவர் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். சுவரைக் கேட்கவில்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில் அளந்தது என்று ஒரு வரி. எத்தனையாவது இலைக்கு மேல் முதல் பூங்கொத்து வருகிறது என்று இன்னொரு வரி. சீக்கிர ரகங்களில் ஆறேழு இலையிலேயே வரும், மற்றவற்றுக்கு ஒன்பது, பத்து, அதற்கும் மேல். ஊர் மாறினால் நாள் மாறுகிற அளவுக்கு இந்த எண்ணிக்கை மாறாது. அச்சடிக்க இரண்டு சென்டிமீட்டர் இடம் போதும்.

இன்னொன்றையும் கேட்டலாக் சொல்லாது: ருசி. இரண்டாம் வருஷம் சுவரோரம் மற்ற இரண்டு ரகங்களும் வைத்திருந்தேன். சப்-ஆர்க்டிக் ஆகஸ்ட் 1 அன்றே சிவந்தது, 61 நாள். வெற்றிக்களிப்பில் நாலாக நறுக்கி உப்புத் தூவிச் சாப்பிட்டோம். புளித்தண்ணி. குட்டைச் செடியில் இலை குறைவு, காய் அதிகம். சர்க்கரை எங்கிருந்து வரும்? செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த 'ஸ்டூபிட்சே' (அமெரிக்கர்கள் வாயில் படாதபாடு படுகிற பெயர்) ஐந்து நாள் பிந்தியது. உருளைக்கிழங்கு இலை மாதிரி இலை, நிற்காமல் உயரும் கொடி, எலுமிச்சை அளவுப் பழம். அதில் வைத்த ரசம் ரசமாக இருந்தது. ஐந்து நாளுக்கு அந்த வித்தியாசம் தாராளமாகத் தகும்.

சுவரோரம் ஆறு செடிக்குத்தான் இடம். வரும் ஜூனில் நாலு ஸ்டூபிட்சே, ஒன்று லெஜண்ட். ஆறாவதில் முதல் வருஷத்து அந்த 55 நாள் ரகமேதான். பாக்கெட்டில் இன்னும் ஒன்பது விதை மிச்சமிருக்கிறது. 55ஐ மார்க்கரால் அடித்துவிட்டு, "தெற்குச் சுவர், ஜூன் 1, 74" என்று எழுதி வைத்திருக்கிறேன்.