ஆடுகளத்தில் கருத்தும் காட்சியும்

விளையாட்டுப் பற்றிய சொற்போர்களில் தம் கருத்தை மெய்ச்செய்தி போல் உரைக்கும் வழக்கம் இன்று மிக்குள்ளது. சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆட்டங்களில் 15,921 ஓட்டங்கள் எடுத்தார் என்பதும், பிராட்மன் 52 ஆட்டங்களில் 99.94 என்னும் சராசரி பெற்றார் என்பதும் செய்திகள். இவருள் இன்னாரே சிறந்தவர் என்பது அச்செய்திகளைக் கொண்டு ஒருவர் செய்யும் முடிபு. ஓட்டத் தொகையை உரைகல்லாகக் கொள்வார்க்கு முன்னவரும், சராசரியைக் கொள்வார்க்குப் பின்னவரும் சிறந்து தோன்றுவர். எவ்வுரைகல்லைக் கொள்ளுவது என்பதை எண்கள் கூறா. ஆயினும் இருதிறத்தாரும் தம் முடிபையே மறுக்கவொண்ணா உண்மை என்பர்.

இப்பூசல் புதியதன்று. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருத செய்தியைப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் கூறுகிறார். அவனை நக்கண்ணையார் பாடிய 85ஆம் பாட்டும் அம்மற்போரொடு இயைத்துப் பொருள் கொள்ளப்படும். கிள்ளிக்கு அது தன் ஊரும் அன்று, நாடும் அன்று. ஆகவே காண்போர் பேச்சு இரண்டுபட்டது. வெற்றி அவனதே என்பார் ஒருசாரார். அன்று என்பார் மற்றொரு சாரார்.

ஈண்டுப் புலவர் வினைச்சொற்களை ஆளும் முறை நோக்கத்தக்கது. இருசாரார் கூற்றையும் ‘என்ப’ என முடிக்கிறார். தாம் அறிந்ததை மட்டுமே ‘கண்டனன்’ என்கிறார். எங்கு நின்று கண்டார் என்பதையும் மறைத்தாரல்லர். தம் இல்லத்துப் பனையைச் சார்ந்து நின்றமை கூறுகிறார்.

இப்பாட்டுக் கைக்கிளைத் திணையினது. காதலுடையார் கண் நடுவுநிலையுடையதாகுமோ எனின், ஆகாதிருத்தலும் கூடும். ஆயின் தம் காதலையும் தாம் நின்ற இடத்தையும் அவரே புலப்படுத்தியமையால், அக்காட்சியை எடையிட்டுக் கொள்ளும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. சார்பின்றிப் பேசுதல் அரிது. சார்பை மறையாது பேசுதல் யாவர்க்கும் இயலும்.

இது விளையாட்டோடு நிற்பதன்று. நூல்களின் காலம் பற்றி ஒருவர் ‘கருதலாம்’ என்று எழுதியதை அடுத்தவர் ‘துணியப்பட்டது’ என்று எடுத்தாளுகிறார். மாணவர் அதனைச் செய்தியாகவே மனப்பாடம் செய்கின்றனர். நம் வகுப்புரைகளிலும் இப்பிழை நேர்ந்ததுண்டு. ‘என்ப’ என்னும் இடத்தில் ‘கண்டனம்’ என்று எழுதுமுன், நாம் எந்தப் பனையடியில் நிற்கின்றோம் என்று ஒருகால் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.