சாட்சியத்தின் வடிவில் நலவாழ்வு: ‘ஜாம்கேட்’ நூலை முன்வைத்து

கிறித்தவ மருத்துவப் பணி குறித்துத் தமிழில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இரு தடங்களிலேயே செல்கின்றன. மருத்துவமனைகளையும் அவற்றை நிறுவியோரையும் ஆண்டு வரிசையில் நிறுத்தித் ‘தொண்டு’ எனப் போற்றுவது ஒன்று. அத்தொண்டை மதமாற்றத்திற்கான தூண்டில் என ஐயுறுவது மற்றொன்று. இரண்டிலும் மருந்து கொடுப்பவரே எழுவாய். பெறுபவர் செயப்படுபொருளாகவே நின்றுவிடுகிறார். இவ்விலக்கணத்திற்கு எளிதில் அடங்காத நேர்வு மகாராட்டிரத்தின் ஜாம்கேட் திட்டம். அதனைத் தொடங்கிய மருத்துவ இணையரான ரஜினிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஜாம்கேட்’ என்னும் நூலின் எடுத்துரைப்பு முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். பின்னர் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் கற்று, 1970இல் அகமதுநகர் மாவட்டத்தின் வறட்சி மிகுந்த ஜாம்கேட்டில் பணியைத் தொடங்கினர். இதனைத் தனிமனிதத் துணிவாக மட்டும் வாசிப்பது பிழை. 1964இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய கலந்தாய்வு, குணமாக்குதல் மருத்துவர் ஒருவரின் கைத்தொழில் அன்று, சபை முழுமையின் பொறுப்பு என்ற நிலைப்பாட்டை முன்வைத்தது. 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றம் கிறித்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்தது. மிஷன் மருத்துவமனைகள் பணத்தையும் ஆட்களையும் பெருமளவில் ஈர்த்துக்கொள்கின்றன. மதிலுக்கு அப்பாலுள்ள ஊர்களிலோ தடுக்கக்கூடிய நோய்களே மீண்டும் மீண்டும் வருகின்றன என்ற தன்விமர்சனம் அவ்வாணையத்தின் செயற்பாட்டிற்கு அடிப்படையாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட தொகுப்பொன்றில் ஜாம்கேட் ஓர் இயலாக இடம்பெற்றது. 1978இன் அல்மா அத்தா மாநாட்டிற்குப் பாதை அமைத்த முன்னோடி முயற்சிகளுள் அது எண்ணப்படுகிறது.

நூலின் வலிமையான பகுதி தோல்வியிலிருந்தே தொடங்குகிறது. பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்களில் தங்கவைக்கும் முதல் ஏற்பாடு பலிக்கவில்லை. அவர்களுக்கு ஊர் பிடிக்கவில்லை. ஊருக்கும் அவர்கள் அந்நியரே. அதன் பின்னரே அந்தந்த ஊர்ப் பெண்ணையே நலப்பணியாளராக்கும் எண்ணம் செயலாகிறது. அப்பெண்களுள் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தலித் பெண்கள் கணிசமானோர். அவர்கள் வாரந்தோறும் ஜாம்கேட்டிற்கு வந்து தங்கிக் கற்றனர். ஊர் திரும்பிப் பேறுகாலக் கவனிப்பு, குழந்தை உணவு, வயிற்றுப்போக்கு, தொழுநோய் ஆகியவற்றைத் தாமே கையாண்டனர். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கடும் வறட்சியின்போது குழாய்க் கிணறுகள் தலித் குடியிருப்புகளின் பக்கம் அமையுமாறு ஆரோலே இணையர் பார்த்துக்கொண்ட செய்தியும் நூலில் உண்டு. குடிநீருக்கு மேற்சாதியினரும் அங்கேயே வரவேண்டியிருந்தது. பொறியியல் முடிவொன்று சாதி ஒழுங்கின்மீது எவ்வளவு கூர்மையாகச் செயல்பட முடியும் என்பதை எந்த அறிவுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிராது.

ஆயினும் இச்செய்திகள் சொல்லப்படும் விதத்தில்தான் சிக்கல் எழுகிறது. நூலாசிரியர்கள் தம் சமய நம்பிக்கையை மறைக்கவில்லை. யாரையும் திருச்சபைக்குள் சேர்த்த கதையும் நூலின் மையம் அன்று. ஆனால் நலப்பணியாளரின் வாழ்க்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அவற்றின் வார்ப்பு மாறாதிருப்பதைக் காணலாம். முதலில் இழிவு: கணவனால் கைவிடப்படுதல், தீண்டாமை, பசி. அடுத்து அழைப்பு: ஜாம்கேட்டிற்கு வருதல், ஒரே பாயில் அமர்தல். பிறகு மீட்பு: ஒதுக்கிய ஊரே வாசலில் வந்து நிற்றல். நெல்லை, குமரிப் பகுதிச் சபைகளில் சாட்சிக் கூட்டங்களைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இவ்வரிசை புதிதன்று. மதமாற்றம் நீங்கிய பின்னும் மனமாற்றக் கதையின் கட்டமைப்பு நீங்கவில்லை. இதனைக் குறையெனச் சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இவ்வடிவமே அப்பெண்களைப் புள்ளிவிவரத்திலிருந்து மீட்டுப் பேசவைக்கிறது. மருத்துவ அறிக்கை எதுவும் அதைச் செய்யவில்லை.

ஆனால் சாட்சியத்தில் பாதித் தோல்விக்கு இடமில்லை. பயிற்சியைப் பாதியில் விட்டவர், ஊர் இறுதிவரை ஏற்காதவர், கற்றும் மாறாதவர் ஆகியோரின் கதைகள் அவ்வார்ப்பில் நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2010இல் வெளியான மதிப்பீடு இங்கே பயன்படும். திட்ட ஊர்களையும் ஒப்பீட்டு ஊர்களையும் எடுத்துக்கொண்ட அம்மதிப்பீடு, பிறந்து முதல் மாதம் கடந்த குழந்தைகள் ஐந்து வயதிற்குள் இறக்கும் வாய்ப்பு திட்ட ஊர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு எனக் கண்டது. முதல் மாத இறப்பில் அத்தகைய தெளிவான வேறுபாடு புலப்படவில்லை. இது திட்டத்தைச் சிறுமைப்படுத்தும் செய்தி அன்று; ஊர்ப் பெண்ணின் அறிவு எங்கே எட்டுகிறது, எங்கே மருத்துவமனைக் கட்டமைப்பு தேவைப்படுகிறது என எல்லை காட்டும் செய்தி. இவ்வெல்லையைச் சொல்வதற்கான மொழி மீட்புக் கதையிடம் இல்லை.

இவ்வடிவத்தின் விளைவு நூலோடு நின்றுவிடவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் முதன்மையான கவலை. ஜாம்கேட்டில் இப்பெண்கள் சம்பள ஊழியராக வைக்கப்படவில்லை. மருத்துவமனைக்குக் கட்டுப்படாமல் ஊருக்குப் பொறுப்பாக இருக்கவேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயம் தனித்து நிற்கவில்லை. சிறுதொழிலுக்கான கடன், வாராந்தரக் கூடுகை, பெண்கள் குழுக்கள் ஆகியவை அதனைத் தாங்கி நின்றன. 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ‘ஆஷா’ பணியாளரை உருவாக்கியபோது அவர் ‘தன்னார்வலர்’ என வரையறுக்கப்பட்டார். பணிவாரியான ஊக்கத்தொகையே அவருக்குரியதாயிற்று. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடுவீடாகச் செல்லும் பெண்களுக்கு வழங்கப்பட்ட பெயர் ‘தன்னார்வலர்’ என்பதே. ஜாம்கேட்டிலிருந்து இவை நேர்க்கோட்டில் வந்தவை எனக் கூறுவது மிகை. எனினும் உழைப்பை அழைப்பாகவும் ஊதியத்தை மதிப்பாகவும் மாற்றிச் சொல்லும் ஒரு மொழி அதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. சாட்சியக் கதைகள் அம்மொழியை மனம் நெகிழும்படி வளர்த்தன. ஊர் தரும் மரியாதையே கூலி என ஜாம்கேட்டில் ஒரு பெண் சொன்னால் அது அவருடைய தன்மானம். அதே தொடரை அரசாணை சொல்லும்போது அது வரவு செலவுக் கணக்கில் ஒரு சேமிப்பு. பணிப்பாதுகாப்பு கேட்டு ‘ஆஷா’ பணியாளர்கள் பல மாநிலங்களில் நடத்திவரும் போராட்டங்கள் இந்த இடைவெளியிலிருந்தே எழுகின்றன.