அழித்த பெயர்கள்

கரிசல் மண்ணிலே ஒரு பெயரைப் புதைக்க முயன்றனர்! 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பெனியார், அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர். ஊரின் பெயரையே அரசுப் பதிவேடுகளினின்றும் நீக்கினர். கோட்டை மறைந்தது, பெயர் மறைந்ததா? கதைப்பாடலாய் மக்கள் நாவிலே வாழ்ந்தது. 1974-இல் நினைவுக் கோட்டையாய் எழுந்தது.

அயலான் அழித்ததில் வியப்பில்லை. தொழிலாளர் அரசென்று தன்னைக் கூறிக்கொண்ட அரசே தோழர்களின் பெயரை அழித்தால்? ஜெயமோகன் 1999-இல் எழுதிய 'பின் தொடரும் நிழலின் குரல்' நாவல் கேட்பது இதையே. தொழிற்சங்கத் தலைவன் அருணாசலம், கட்சி வரலாற்றிலிருந்து துடைத்தெறியப்பட்ட வீரபத்ரபிள்ளையின் எழுத்துகளைக் காண்கிறான். அவர் செய்த குற்றம்? புகாரின் ஏன் கொல்லப்பட்டார் என்று கேட்டது!

லெனினின் தோழர் புகாரின் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது இறுதி மடலைத் தாளில் வைத்திருக்கவும் அஞ்சிய மனைவி அன்னா லாரினா, நெஞ்சிலே மனப்பாடமாகக் காத்தார். 50 ஆண்டுகள் கழித்து, கோர்பச்சேவின் சீர்திருத்த நாளில், 1988-இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு சோவியத் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வை நிறுத்தினர். பாடநூல் பொய்யென அரசே ஒப்பிவிட்டது! 1991-இல் அந்த அரசும் இல்லை.

சீர்திருத்தமே அரசை வீழ்த்தியது என்பார் உளர். பொருளாதாரச் சீர்குலைவும் தேசிய இனங்களின் எழுச்சியும் காரணங்களே, மறுக்கவில்லை. ஆனால், உண்மை பேசியதாலா நம்பிக்கை போயிற்று? அரை நூற்றாண்டு பொய் பேசியதாலன்றோ! வகுப்பறையில் நிற்கும் நாம் அறிவோம்: பிழையை ஒப்பும் ஆசிரியரை மாணவன் மன்னிப்பான், ஆண்டுக்கணக்கில் மறைத்தவரை நம்பான்.

இக்கேள்வியைத் தமிழ் மண்ணிலே நிறுத்தியது நாவலின் வெற்றி. குறையும் உண்டு. தனிமனிதனின் மனச்சான்றைப் பெரிதும் நம்புகிறது. மனச்சான்று மட்டும் போதுமா? எதிர்க்கட்சி வேண்டும், அஞ்சாத ஏடு வேண்டும், திறந்த ஆவணம் வேண்டும். இவை இல்லா நாட்டில் மனச்சான்று சிறையிலன்றோ இருக்கும்!

இது பகைவரின் பழிப்புரை அன்று. 1932-இல் பெரியார் சோவியத் நாட்டைக் கண்டு வியந்து திரும்பினார். அந்த மதிப்பை நாமும் சுமந்தோம். ஆகவே தோழர்களே, கேள்வியை நம் பக்கமும் திருப்புவோம். நம் மலர்களில், நம் மேடைகளில், விட்டுப்போன பெயர்கள் எத்தனை? மாறுபட்டார் என்பதற்காக மறைத்த பெயர்கள் எத்தனை?

ஆமணக்கு விதைத்தாலும் பெயர் முளைக்கும். பாஞ்சாலங்குறிச்சி சொல்லும் பாடம் இது!