பாங்கைக் காது கொடுத்துக் கேட்ட பாதிரியார்

பட்டிப்பொலவில் சுபஹுக்குப் பிறகும் குளிர் லேசில் விடாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கென்னத் கிராக்கின் ‘மினாராவின் அழைப்பு’ நூலை வாசித்து முடித்தேன். 1956இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கிராக் ஆங்கிலிக்கன் சபைக் குரு. பிற்காலத்தில் ஜெருசலேம் உதவி ஆயர்.

பாங்கின் வாசகங்களையே பிடித்துக்கொண்டு, தவ்ஹீத், ரிஸாலத், தொழுகை என்று தம் சபையாருக்கு நம்மை விளக்குகிறார். ஏளனம் இல்லை. நம்மவர் சிலரிடமே காணாத பொறுமை.

பிற்பகுதியில்தான் எனக்கு இடறியது. முஸ்லிம்கள் அறியாமல் போன கிறிஸ்துவை அவர்களிடம் சேர்ப்பது கடமை என்கிறார். கேட்க வந்தவர் போதிக்கத் தொடங்கிவிட்டாரே! சூரா மர்யம் ஓதுகிற நமக்கு ஈஸா நபி (அலை) அந்நியரா? நம் ஈமானை அவர் நிறைவாக அல்ல, குறையாகவே காண்கிறார்.

ஆனாலும் நோக்கத்தை ஒளிக்கவில்லை, அது நேர்மை. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டு கன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் விரிவாகப் பதில் எழுதினார். அந்த உரையாடலுக்கு நிலம் பண்படுத்தியவர்களில் கிராக்கும் ஒருவர் என்பேன்.

மலைநாட்டில் ஞாயிறுதோறும் சேர்ச் மணி நம் காதிலும் விழுது. அது எதற்கு அழைக்குது என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. கிராக்கைக் குறை சொல்லுமுன் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.