இணைப்பும் தடுப்பும்

வார்டிலே படுத்திருக்கும் ஒரு நோயாளிக்கு இரவு எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் அவருடைய மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையின் பார்கோடை முதலில் ஸ்கேன் செய்கிறார்; பிறகு மருந்துப் புட்டியின் பார்கோடையும் ஸ்கேன் செய்கிறார். மாலையில் டாக்டர் எழுதிய உத்தரவும், லேபிலிருந்து சற்று முன் வந்த சர்க்கரை அளவும், மருந்தகம் கொடுத்தனுப்பிய மருந்தின் விவரமும், அந்த நோயாளிக்கு எது ஒவ்வாது என்ற பழைய குறிப்பும், வெவ்வேறு கட்டிடங்களிலுள்ள கணினிகளிலிருந்து புறப்பட்டு, கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கட்டிலருகே வந்து கூடுகின்றன; அவை ஒன்றோடொன்று முரண்படுமானால் திரை உடனே எச்சரிக்கிறது. இதனால் விளையும் நன்மை கற்பனையன்று. பாஸ்டன் நகரத்துப் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் பார்கோடு முறையை ஆராய்ந்து அதன் முடிவை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள், நேரம் தவறிக் கொடுப்பதை நீக்கிப் பார்த்தால், 11.5 சதவிகிதத்திலிருந்து 6.8 சதவிகிதமாகக் குறைந்திருந்தன. அசதியும் அவசரமும் மிகுந்த ஓர் இரவுப் பணியில் மனிதக் கண் தவறவிடுவதை இயந்திரம் தவறவிடாமல் பிடித்துக் கொடுக்குமானால், அதை வரவேற்பதில் நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆயினும் நெட்வொர்க்கைப் புகழ்கிறவர்களும் அதைக் கண்டு அஞ்சுகிறவர்களும் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுவதாகவே பெரும்பாலும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இருவரும் பேசுவது ஒரே குணத்தைப் பற்றித்தான். எங்கோ இருப்பதை இங்கே உடனே கொண்டுவந்து சேர்க்கும் குணமே நோயாளியைக் காக்கிறது; ஓரிடத்தில் தோன்றிய கேட்டை மறுகணமே எல்லா இடங்களுக்கும் பரப்புவதும் அதே குணந்தான். ஆகையால், ஒரு மருத்துவமனை தன் கணினிகளை எவ்வளவு தூரம் இணைத்திருக்கிறது என்பதோடு, எந்தெந்த இடத்தில் இணைப்பைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பதையும் கேட்ட பிறகே அதன் யோக்கியதையை மதிப்பிட வேண்டும்.

இணைப்பின் அருமையை அறியத் தேனி மாவட்டத்தைப் பார்த்தாலே போதும். அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தபோது, அவற்றைத் தேனியிலுள்ள தன் மருத்துவமனையோடு இணைப்பதற்காக, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் சாதாரண வைஃபை கருவிகளையே உயரமான கம்பங்களில் ஏற்றி, திசை நோக்கிய ஆன்டெனாக்களின் உதவியால் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அவற்றின் வீச்சை நீட்டினார்கள். கண் மங்கிய கிராமத்து மூதாட்டி ஒருவர், பஸ் ஏறாமலும் துணைக்கு வரும் மகன் ஒரு நாள் கூலியை இழக்காமலும், தம் ஊரிலேயே அமர்ந்து தேனியிலுள்ள டாக்டரோடு முகம் பார்த்துப் பேச வழி பிறந்தது. இந்த முயற்சியைப் பற்றி அவர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. நெட்வொர்க் அடிக்கடி படுத்துப்போனதற்கு முக்கிய காரணம் மின்சாரத்தின் நிலையற்ற தன்மை: வோல்டேஜ் திடீரென்று ஏறி இறங்கியதில் கருவிகள் கருகின, மின்சாரம் பாதியில் நின்றதில் அவற்றின் நினைவகம் சிதைந்தது. நம்பகமான நெட்வொர்க் வேண்டுமென்றால் முதலில் நல்ல மின்சாரமும், கம்பத்தின் மேலிருக்கும் கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆளும் வேண்டும் என்ற இந்தச் சாதாரண உண்மையைப் பெரிய திட்டங்கள் தீட்டுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

வேகமும் நம்பகத்தின் ஓர் அங்கமே. 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்களின் உத்தரவுகளையெல்லாம் கணினி மூலமே எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. வேறு மருத்துவமனைகளிலிருந்து கவலைக்கிடமான நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம், அதற்கு முன் 2.80 சதவிகிதமாக இருந்தது, அதற்குப் பின் வந்த ஐந்து மாதங்களில் 6.57 சதவிகிதமாக உயர்ந்தது. முன்பெல்லாம் குழந்தை வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துக்கு உத்தரவிட முடிந்தது. புதிய முறையிலோ குழந்தை வந்து சேர்ந்து பெயர் பதிவான பிறகே உத்தரவு எழுத முடிந்தது. அதோடு, வேலை மிகுந்த நேரங்களில் கம்பியில்லா நெட்வொர்க்கின் கொள்ளளவு போதாமற்போய், டாக்டர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது. இதே மென்பொருளைப் பின்னர் நிறுவிய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு உயரவில்லை என்பதையும் சொல்வதுதான் நியாயம். சாதனம் ஒன்றாயிருந்தும் பலன் வேறாயிற்று. கட்டிலருகே நடக்கும் வேலையின் போக்கை நன்கறிந்து அதற்கேற்ப அமைப்பதும், அறியாமல் புகுத்துவதும் ஒன்றாகா.

அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நிலைகுலைந்தது. எந்தப் பகைவனும் அதைத் தாக்கவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவரின் மென்பொருள் அளவிறந்த தரவுகளை நெட்வொர்க்கில் கொட்டியது. பல்லாண்டுகளாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்த அந்த அமைப்போ அதன் சுமையைத் தாங்காமல், செய்திகளை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றியே தன்னைத் திணறடித்துக்கொண்டது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி உதவட்டும் என்று முன்யோசனையோடு வைத்திருந்த மாற்றுப் பாதைகளே அந்தச் சுழலுக்கு இடங்கொடுத்தன. நான்கு நாட்கள் அந்தப் பெரிய மருத்துவமனை காகிதத்தில் இயங்கியது. லேப் முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஓடினார்கள். கணினியிலேயே பழகி வந்த இளம் டாக்டர்களுக்குக் காகிதத்தில் உத்தரவு எழுதும் முறையை மூத்தவர்கள் கற்பிக்க வேண்டியிருந்தது. அங்கே கணினித் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ஜான் ஹலாம்கா இந்தச் சம்பவத்தை மூடி மறைக்காமல், எங்கே தவறினோம், எதை எவ்வாறு மாற்றினோம் என்று ஊரறிய எடுத்துரைத்தார். வைத்தியத்தில் நேர்ந்த தவறுகளைக் கூடி ஆராய்வது மருத்துவமனைகளின் பழைய நல்வழக்கம். அந்த வழக்கத்தை நெட்வொர்க்குக்கும் விரிவாக்கிய அவருடைய நேர்மை நம் நன்றிக்குரியது.

பகைவன் உண்மையாகவே நுழைந்தால் நிகழ்வது என்ன என்பதற்கு அயர்லாந்தை விடத் தெளிவான உதாரணம் இல்லை. 2021-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் ஊழியர் ஒருவர் மின்னஞ்சலோடு வந்த எக்ஸெல் கோப்பு ஒன்றைத் திறந்தார். அதன் வழியே உள்ளே புகுந்தவர்கள் எட்டு வாரங்கள் ஓசையின்றி உலவினார்கள். அந்த ஊழியரின் கணினியிலிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் மார்ச் மாத முடிவிலேயே அவர்களுடைய நடமாட்டத்தைக் கண்டுகொண்டது. ஆனால் கண்டதைக் குறித்து வைக்க மட்டுமே அதற்கு அனுமதி இருந்தது, தடுக்க அனுமதி இல்லை. மே 14-ஆம் தேதி விடியுமுன் அவர்கள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, துறையினர் நாடு முழுவதிலுமிருந்த தங்கள் கணினிகளையெல்லாம் தாங்களே நிறுத்திவிட வேண்டியதாயிற்று. டப்ளினிலுள்ள ரொட்டண்டா பிரசவ மருத்துவமனை, கர்ப்பம் 36 வாரம் நிறைந்தவர்களும் அவசர நிலையிலிருப்பவர்களும் மட்டும் வந்தால் போதும் என்று அறிவித்தது. புற்றுநோயாளிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது. பூட்டைத் திறக்கும் சாவியை அந்தக் கும்பலே ஆறு நாட்களில் கொடுத்துவிட்ட பிறகுங்கூட, எல்லாவற்றையும் சீராக்கச் செப்டம்பர் வரை ஆயிற்று. பின்னர் நடந்த விசாரணையில், அந்த நாட்டு நெட்வொர்க் உட்பிரிவுகள் இல்லாமல், தடையற்ற தொடர்பு ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு அமைக்கப்பட்டிருந்ததென்று தெரியவந்தது. வாசற்கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டு, உள்ளே எந்த அறைக்கும் கதவே வைக்காத வீடு அது.

இந்தக் குறை அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் முடக்கப்பட்டு, புறநோயாளிப் பதிவும் லேப் வேலையும் பல நாட்கள் கையாலேயே நடந்தன. நெட்வொர்க்கை முறையாகப் பிரிக்காமையே காரணமென்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு சர்வரில் பிரதி இருந்தமையால் தரவுகள் மீண்டன. லண்டனில் 2024 ஜூன் 3-ஆம் தேதி ரத்தப் பரிசோதனை நிறுவனம் ஒன்று தாக்கப்பட்டபோது நேர்ந்தது இன்னும் கொடிது: ரத்தத்தின் பிரிவை வழக்கமான வேகத்தில் பொருத்திப் பார்க்க இயலாமல், எவருக்கும் ஏற்கும் ஓ வகை ரத்தத்தையே அதிகமாகச் செலவிட நேர்ந்து, அவ்வகை ரத்தத்தைத் தானம் செய்யுமாறு நாட்டு மக்களை வேண்டிக்கொள்ள வேண்டி வந்தது. பரிசோதனை முடிவு வர நேர்ந்த தாமதம் நோயாளி ஒருவரின் மரணத்துக்குரிய காரணங்களில் ஒன்று என்று கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை பின்னர் ஒப்புக்கொண்டது.

இவற்றையெல்லாம் கண்டு பூட்டுகளைப் பெருக்கிக்கொண்டே போனால் போதுமென்று நினைப்பதும் விபரீதத்தில் முடியும். அமெரிக்காவில் தரவுத் திருட்டுக்கு ஆளாகிய மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அங்கே மாரடைப்பு ஐயத்தோடு வந்தவர்களுக்கு இ.சி.ஜி. எடுக்க ஆகும் நேரம், திருட்டுக்குப் பின் வந்த ஆண்டுகளில் 2.7 நிமிடம் வரை கூடியது. மாரடைப்பு வந்து முப்பது நாட்களுக்குள் இறப்பவர்களின் விகிதமும் 0.36 சதவிகிதப் புள்ளி வரை ஏறியது. திருட்டுக்குப் பிறகு புகுத்திய கடுமையான பாதுகாப்பு விதிகள் டாக்டரின் கையைத் தாமதப்படுத்தியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அவசரப் பிரிவில் ஒவ்வொரு கணினியிலும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டுமென்றால், ஒருவர் திறந்து வைத்ததை மற்றவர்களும் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம் தானே வந்துவிடும். அப்பொழுது வேகமும் கெட்டு, காவலும் கெடும். அடையாள அட்டையைத் தொட்டதும் திறந்து, எடுத்ததும் மூடிக்கொள்ளும் எளிய ஏற்பாடு உண்டு. அதற்குப் பணம் செலவிட மனமில்லாதவர்கள், ஊழியர்களின் அலட்சியத்தைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு கஷ்டம் மருத்துவமனையின் கைக்கு அப்பாற்பட்டது. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற தீய மென்பொருள் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளைத் தாக்கி, ஐந்து இடங்களில் அவசர நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வைத்தது. ஆனால் அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே, வெளியிட்டிருந்தது. அலுவலகக் கணினிகளில் அதைப் போடாமல் விட்டது நிர்வாகத்தின் குற்றமே. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் போன்ற இயந்திரங்களின் நிலை வேறு. அவற்றை இயக்கும் கணினியில், உற்பத்தியாளரின் சம்மதமின்றி மருத்துவமனை தானாக ஒன்றையும் மாற்ற முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும் அந்த இயந்திரம், அதனுள்ளிருக்கும் விண்டோஸுக்குத் திருத்தங்கள் நின்று போன பிறகும் உழைத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்கா 2023 முதல், புதிய மருத்துவக் கருவிக்கு அனுமதி கேட்கும் உற்பத்தியாளர் அதன் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான திட்டத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டுமென்று சட்டமாக்கியிருக்கிறது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் வாங்குகிறவருடைய ஒப்பந்தமே சட்டமாக வேண்டும். தனித்த ஒரு மருத்துவமனைக்கு அதற்குரிய பேரம் பேசும் பலம் இல்லை; மொத்தமாக வாங்கும் ஸ்தாபனங்களுக்கு உண்டு. 1994-இல் தோன்றி, அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து மருந்து வாங்குவதன் மூலம் விலையைக் குறைத்துக் காட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஸ்கேன் இயந்திரங்களுக்கு டெண்டர் கோரும்போது, இயந்திரம் உழைக்கும் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் அபராதம் கட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் எழுதிச் சேர்க்குமானால், அவற்றை மறுத்து இவ்வளவு பெரிய வியாபாரத்தை இழக்க எந்த உற்பத்தியாளரும் எளிதில் துணியமாட்டார்.