நல்லெண்ணம் கெடுத்த ஆராய்ச்சி

இரு முறைகளுள் எது நன்று என அறிய, மக்களை இரு பிரிவாக்கி ஒப்பிடுதல் ஆராய்ச்சியாளர் மரபு. அவ்வாறு பிரிக்கும் வேலையை இந்நாளில் பெரும்பாலும் கணினி செய்கின்றது. செய்வது எதுவாயினும் இரண்டு நெறிகள் காக்கப்பட வேண்டும். யார் எப்பிரிவில் சேர்வது என்பதில் மனிதர் விருப்பம் புகுதல் ஆகாது. பிரிவுகள் எண்ணிக்கையில் ஒத்திருத்தல் வேண்டும். முதல் நெறியை நெகிழ விட்டால் விளைவது யாது என்பதற்கு, 1930ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லானர்க்ஷயர் பள்ளிகளில் நடந்த பால் ஆராய்ச்சி தக்க சான்று.

பள்ளிகள் 67, பிள்ளைகள் ஏறத்தாழ 20,000. பாதிப் பேர்க்கு நாள்தோறும் முக்கால் பைண்ட் பால். மீதிப் பேர்க்கு இல்லை. பிப்ரவரியிலும் ஜூனிலும் எடையும் உயரமும் அளக்கப்பட்டன. எண்ணிக்கையில் குறை சொல்வாரில்லை. குறை, பிள்ளைகளைத் தெரிந்த முறையில் இருந்தது. சில பள்ளிகளில் சீட்டுக் குலுக்கினர். சிலவற்றில் பெயரின் அகரவரிசையைக் கொண்டனர். ஆயினும், ஒரு பிரிவில் நன்கு வளர்ந்தோரோ நலிந்தோரோ மிகுந்ததாகத் தோன்றினால் ஆளை மாற்றிச் சமன் செய்யலாம் என்று இடம் கொடுக்கப்பட்டது. வாடிய முகத்தைக் கண்டும் பாலை மறுக்க எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் எழுதிய புள்ளியியல் அறிஞர் கோசெட், 1931இல் இவ்வாராய்ச்சியைத் திறனாய்ந்தார். பால் பெறாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே எடையில் ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்ததை எடுத்துக்காட்டினார். ஆசிரியர்கள் தம்மை அறியாமலே வறிய பிள்ளைகள் பக்கம் சாய்ந்தனர் என்பது அவர் கருத்து. மேலும், பிள்ளைகள் உடையுடனே நிறுக்கப்பட்டனர். கோடை வந்ததும் வசதியுள்ள பிள்ளை கனத்த உடையைக் களைந்தது. ஏழைப் பிள்ளைக்குக் களைய அத்தகைய உடை ஏது? ஆகவே, எடை கூடியதில் பாலின் பங்கு எவ்வளவு, உடையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று. வறிய பிள்ளைகளுக்கு எது உதவும் என்ற வினாவுக்கு, அவர்கள்பால் கொண்ட இரக்கமே தடையாயிற்று.

ஒத்த இரட்டையர் 50 இணையரைக் கொண்டே இதனினும் நம்பத்தக்க முடிவு காணலாம் என்றார் கோசெட். ஒவ்வோர் இணையிலும் பால் பெறுபவர் யார் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யலாம். இணையில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்பதால் எண்ணிக்கை தானே ஒக்கும். சுண்டுவதால் சார்பும் நுழையாது.

கணினிக்கு இரக்கம் இல்லை. அதனால் மட்டும் வேலை முடிந்துவிடாது. 20 பேர்க்குத் தனித்தனியே நாணயம் சுண்டினாற்போல் பிரித்தால், சரிபாதியாக அமையும் வாய்ப்பு 100க்கு 18 அளவே. இரண்டிரண்டாக நான்கு சீட்டு எழுதிக் குலுக்கி நால்வர்க்கு வழங்கி, தீர்ந்தபின் மீண்டும் அவ்வாறே செய்யக் கணினிக்குக் கற்பித்தால் இரு நெறியும் நிற்கும். லானர்க்ஷயரில் தவறியவர் ஆசிரியர் அல்லர்; அவர் இரக்கத்திற்கு இடம் வைத்த விதியே தவறியது.